தலைக்கட்டு வரியும் மாயவரத்து மேளமும்

சென்ற ஆடி மாதம் எங்கள் தெரு மாரியம்மன் கோயில் முளைக்கொட்டுத் திருவிழாவில், இருபத்தேழு ஆண்டுகளாக ஒலிநாடாவிலும் கைப்பேசியிலும் மட்டுமே கேட்டுவந்த நாதஸ்வர இரட்டையரை முதன்முறையாக நேரில் கேட்டேன். பெயரை எழுதிக்கொள்ளலாமா என்று அவர்களிடம் கேட்கவில்லை. ஆகவே எங்கள் வீட்டில் வழங்கும் பெயராகிய ‘மாயவரத்து அண்ணன் தம்பி’ என்றே குறிப்பிடுகிறேன். குத்தாலத்தில் நான் பிறந்த வீட்டிலிருந்து அவர்கள் ஊர் பதினைந்து கிலோமீட்டர்கூட இராது. அப்படியிருந்தும் அவர்களை நேரில் கேட்பதற்கு, இருநூறு கிலோமீட்டருக்கு மேல் தெற்கே வந்து, மண்டபத்தில் கடலோரமாக ஒரு பழைய வீட்டை வாங்கிக் குடியேற வேண்டியிருந்தது. வீட்டைப் பற்றியும் மேளத்தைப் பற்றியும் தனித்தனியாக எழுத முயன்றேன். ஒன்றைத் தொட்டால் மற்றது கூடவே வந்துவிடுவதால் இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

அம்பத்தூரில் பதினொரு ஆண்டுகள் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருந்த எங்களை, என் கணவருக்கு வந்த பணிமாற்றம் இங்கே கொண்டுவந்தது. 2025 சித்திரை பிறந்த அதே வாரத்தில் பால் காய்ச்சினோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நீளும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலமும் அந்த வாரத்தில்தான் தொடங்கியது. கடற்கரை ஊர் என்றால் விடியற்காலைப் பரபரப்பும் ஏலக் குரலும் இருக்கும் என்று எண்ணி வந்த எனக்கு, விசைப்படகுகள் எல்லாம் வரிசையாகக் கட்டிக் கிடந்த துறையும், வலை பின்னுவோரைத் தவிர ஆள் நடமாட்டமே இல்லாத மணலும் பெரும் வெறுமையைத் தந்தன. பாம்பனின் புதிய ரயில் பாலம் ஏப்ரல் 6 அன்றுதான் திறக்கப்பட்டிருந்தது. 2022 டிசம்பரிலிருந்து இராமேசுவரம் செல்லாமல் நின்றிருந்த ரயில்கள் மீண்டும் எங்கள் ஊரைக் கடந்து தீவுக்குள் போகத் தொடங்கியிருந்தன. முதல் இரண்டு மாதம் நேரம் தெரிந்து கேட்ட ஒரே ஓசை அந்த ரயில் ஓசைதான்.

வீட்டின் சுவர்கள் செங்கல்லால் ஆனவை அல்ல. மன்னார் வளைகுடாவிலிருந்து பவளப்பாறையை வெட்டி எடுத்துச் சுண்ணாம்புக்கும் கட்டுமானத்துக்கும் பயன்படுத்திய காலத்தில் கட்டிய வீடு அது. இன்று பவளத்தை வெட்டி எடுப்பது வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வெள்ளையடித்த மறுவாரமே இடுப்பளவு உயரத்துக்குச் சுவரில் உப்புப் பூத்தது. விரலால் தடவினால் பஞ்சு போல மெல்லிய வெண்ணிறப் பூ. நாவில் வைத்தால் கரிக்கும். இரண்டாம் முறை வெள்ளையடித்தேன், மீண்டும் பூத்தது. அழைத்து வந்த கொத்தனார் விரல் மடக்கிச் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, முன்பு இருந்தவர்கள் பூசிய சிமெண்டுதான் கோளாறு என்றார். கடற்கல்லுக்குள் எப்போதும் ஈரமும் உப்பும் இருக்கும்; அந்த ஈரம் வெளியேற வழியில்லாமல் சிமெண்டுப் பூச்சு அடைத்துக்கொள்கிறது; உள்ளே உறைந்து பருக்கும் உப்பு பூச்சையே பெயர்த்துத் தள்ளுகிறது. ஆகவே சிமெண்டைச் செதுக்கி எடுத்துவிட்டு, ஊறவைத்த சுண்ணாம்பில் கடுக்காய் நீரும் கருப்பட்டி நீரும் சேர்த்துப் பூசினார். “சொவரு மூச்சு விடணும்மா” என்று அவர் சொன்னதை அப்போது தொழில் நுணுக்கமாக மட்டுமே கேட்டுக்கொண்டேன். வேலை முடிய ஐந்து வாரமாயிற்று. அந்த ஐந்து வாரமும் வீடு முழுவதும் கருப்பட்டி வாசனை நிறைந்திருந்தது. இந்த வீட்டில் எனக்கு முதலில் பிடித்துப்போனது அந்த வாசனைதான்.

இனி மேளத்துக்கு வருகிறேன். 1998இல் கும்பகோணத்தில் என் பெரியம்மா மகளுக்குத் திருமணம். எனக்குப் பன்னிரண்டு வயது. அம்மை போட்டிருந்ததால் என்னைப் பாட்டியோடு வீட்டில் விட்டுவிட்டு எல்லோரும் போனார்கள். நான் அழுத அழுகையைப் பொறுக்காத அப்பா, ஒரு சிறிய டேப் ரிக்கார்டரைத் திருமண மண்டபத்துக்கு எடுத்துச் சென்று, முதல்நாள் இரவு மாப்பிள்ளை அழைப்பு முடிந்தபின் அண்ணனும் தம்பியும் உட்கார்ந்து வாசித்ததை 90 நிமிட ஒலிநாடா ஒன்றில் பதிந்துகொண்டு வந்தார். முதல் பக்கம் முழுவதும் கரகரப்பிரியா ராகம். ஆலாபனையின் நடுவில் ஒரு குழந்தை அழும். யாரோ ‘காபி எங்கே’ என்று கேட்பார். அதன்பின் சற்று நேரத்தில் மேல் ஷட்ஜத்தைப் பிடித்து ஒரு நிறுத்தம் வரும். மூச்சே வாங்காமல் நிற்கும் அந்தச் சுரத்தை எத்தனையோ முறை கடிகாரம் வைத்து அளந்திருக்கிறேன். 1 நிமிடம் 14 விநாடி. ஒரு மனிதரால் இது எப்படி ஆகும் என்று அப்பாவைக் கேட்டால், “அது அப்படித்தான்” என்பார்.

அதன்பின் நேரில் கேட்க வாய்ப்பே வரவில்லையா என்று கேட்கலாம். வந்தது. அவர்கள் எங்கள் பக்கத்துக் கோயில்களில் வாசித்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் நாதஸ்வரத்தின் நல்ல நேரம் சாமி புறப்பாட்டின் நள்ளிரவு. அந்த நேரத்தில் வயதுப் பெண்ணை வெளியே விடும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. பிறகு விடுதி, வேலை, திருமணம், அம்பத்தூர். என் சொந்த அண்ணன் அந்த ஒலிநாடாவைக் கணினியில் ஏற்றிக் கொடுத்தான். மின்சார ரயிலில் காதில் மாட்டிக்கொண்டு போகும்போது அம்பத்தூருக்கும் சென்ட்ரலுக்கும் இடையில் கரகரப்பிரியா பாதிதான் ஆகியிருக்கும்; மீதியை மாலையில் கேட்பேன்.

இசைக்காக ஊர் மாறியவர்களும் உண்டு. ஷேக் சின்ன மௌலானா சாகிப் (1924–1999) ஆந்திரத்தில் பிறந்து, தஞ்சாவூர்ப் பாணி வாசிப்பின்மேல் கொண்ட காதலால் நாச்சியார்கோவில் ராஜம் – துரைக்கண்ணு சகோதரர்களிடம் பயின்று, திருவரங்கத்திலேயே வீடு கட்டி வாழ்ந்தவர். அவருடைய வாழ்க்கையை எண்ணும்போதெல்லாம் எனக்குள் ஒரு குற்ற உணர்வு எழும். அவர் இசை இருக்கும் இடம் தேடி வந்தார். நானோ அந்த இடத்தில் பிறந்து, ஒவ்வொரு முறை ஊர் மாறும்போதும் அதைவிட்டு விலகியே போய்க்கொண்டிருந்தேன். நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தைக் கடைந்து நாதஸ்வரம் செய்யும் பட்டறைகள் எங்கள் ஊரிலிருந்து கூப்பிடு தூரம் போலத்தான். 2022இல் அவ்வூர் நாதஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்த செய்தியைக்கூட நான் அம்பத்தூரில் இருந்துதான் படித்தேன்.

மண்டபத்துக்கு வந்த இரண்டாம் மாதமே அப்பாவின் டேப் ரிக்கார்டர் நின்றுபோனது. திருகாணி எல்லாம் துருவேறிவிட்டது. உப்புக்காற்று இந்த வீட்டில் எதையும் விட்டுவைப்பதில்லை; ஜன்னல் கம்பி, கத்தி, கதவுக் கீல், என் தையல் ஊசிப்பெட்டி எல்லாம் ஒரே நிறத்துக்கு வந்துவிட்டன. கைப்பேசியில் பாடல் இருந்தது, ஆனால் ஆனி பிறந்து, தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று வலுத்தபின், ஜன்னலைத் திறந்தால் கடலோசையில் அது காதில் விழாது, மூடினால் புழுக்கம். நான் மூடிவைக்கவே பழகினேன். அத்தனை நாளும் அந்த வீட்டில் ஜன்னல்களை அடைத்துக்கொண்டு, வெளியே என்ன காற்று அடிக்கிறது என்றுகூடத் தெரியாமல் இருந்தேன் என்பதை இப்போது நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

காற்றைப் பற்றி எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் பக்கத்து வீட்டு அப்பத்தா. மண்டபம் இரு கடலுக்கு நடுவே நீட்டிய கைபோன்ற நிலம். வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. ஊர்ப் பேச்சில் வடகடல், தென்கடல். “கச்சான் அடிச்சா தென்கடலு பொங்கும், வடகடலு தூங்கும். ஐப்பசிக்கு மேல வாடை திரும்புனா அது தூங்கும், இது பொங்கும். ஒரு கடலுக்கு ஒறக்கம் வந்தாத்தான் இன்னொண்ணுக்கு முழிப்பு வரும், தாயி” என்றார். எங்கள் தெரு தென்கடலிலிருந்து வடக்கே சாலையை நோக்கி ஓடுகிறது; ஆகவே கச்சான் காலத்தில் தெற்குக் கோடியில் ஒருவர் இருமினால் நடுத்தெருவில் கேட்கும், வடக்குக் கோடியில் வெடியே போட்டாலும் மெல்லத்தான் கேட்கும். இந்தக் கணக்கு பின்னர் எனக்குப் பயன்பட்டது. எதிர்வீட்டு லாத்தா, குழாயில் வருவது உவர்நீர் என்றும், குடிக்கக் குடத்துத் தண்ணீர் எந்த வண்டியில் வாங்கவேண்டும் என்றும் சொல்லி, முதல் வாரம் தன் வீட்டிலிருந்தே இரண்டு குடம் கொடுத்தனுப்பினார்.

ஆனி கடைசியில் கோயில் கமிட்டியார் நால்வர் நோட்டுப் புத்தகத்தோடு வாசலுக்கு வந்தார்கள். திருவிழாவுக்கு நன்கொடை கேட்டார்கள். எவ்வளவு என்று கேட்டேன். விருப்பம்போல் என்றார்கள். பக்கத்து வீட்டில் எவ்வளவு வாங்கினீர்கள் என்று கேட்டதற்கு, “அவுக வரி கட்டுறவுக. தலைக்கட்டு” என்றார் மூத்தவர். நான் விவரம் கேட்கவே பொறுமையாக விளக்கினார். ஊரில் ஒவ்வொரு குடும்பமும் ஒரு தலைக்கட்டு. திருவிழாச் செலவைத் தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று பிரித்து எல்லோரும் சமமாகக் கட்டுவது வரி. வெளியூரிலிருந்து வந்து இருப்பவர்கள் கொடுப்பது நன்கொடை. “நன்கொடைன்னா நோட்டீஸ்ல பேரு போடுவோம். வரின்னா பேரு வராது. ஆனா சப்பரம் வாசல்ல நிக்கும்” என்றார்.

நான் வரி கட்டுகிறேன் என்றேன். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஊர் கூடிப் பேசவேண்டும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். அடுத்த மூன்று நாள் எனக்கு இருந்த தவிப்பை என் கணவரால் புரிந்துகொள்ள முடியவில்லை. இரண்டாயிரம் ரூபாயை எந்தப் பெயரில் கொடுத்தால் என்ன என்றார். பத்திரப் பதிவு முடிந்து சாவி கையில் வாங்கியபோது வராத ஒரு நடுக்கம் எனக்கு அந்த மூன்று நாளும் இருந்தது. நான்காம் நாள் மாலை மூத்தவர் தனியாக வந்து, திண்ணையில் உட்கார்ந்து, நோட்டில் ‘148’ என்று எண்ணிட்டு என் கணவர் பெயரை எழுதினார். எழுதிவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்து, “ஒன் பேரையும் எழுதுறேன் ஆத்தா, நீதானே கேட்ட” என்று அதன்கீழ் என் பெயரையும் எழுதினார்.

மறுவாரம் நோட்டீஸ் வந்தது. மஞ்சள் தாளில் சிவப்பு எழுத்து. அப்பத்தா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, அவருக்குப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். காப்புக்கட்டு, முத்துப் பரப்புதல், பொங்கல், முளைப்பாரி, அன்னதானம் என்று வரிசையாகப் படித்துக்கொண்டே வந்தவள், ‘இரவு சப்பர வீதிவுலா, சிறப்பு நாதஸ்வர இன்னிசை’ என்பதற்குக் கீழே இருந்த இரண்டு பெயர்களைக் கண்டதும் நின்றுவிட்டேன். கமிட்டியில் ஒருவருடைய சம்பந்தி வீடு ஆடுதுறைப் பக்கம். அந்த வழியில் ஏற்பாடாகியிருக்கிறது. “என்னத்தா, எழுத்துப் புரியலையா?” என்று அப்பத்தா கேட்டார். எங்கள் ஊர் மேளம் என்று மட்டும் சொன்னேன். அதற்குமேல் சொல்லத் தொண்டை இடம் தரவில்லை.

காப்புக் கட்டிய பின் முளை கரைக்கும் வரை யாரும் வெளியூரில் இரவு தங்கக்கூடாது என்பது இங்குள்ள கட்டுப்பாடு. அந்த வாரத்தில் சென்னையில் ஒரு நெருங்கிய உறவினர் வீட்டு விசேஷம், போகவில்லை. முளைக்கு நவதானியம் ஊறவைத்து, வைக்கோலும் சாணத் தூளும் இட்ட ஓட்டில் தெளித்து, வெயில் படாத இருட்டறையில் வைத்தார்கள். விரதமிருக்கும் மூதாட்டி ஒருவரைத் தவிர யாரும் உள்ளே போவதில்லை. இரவுதோறும் பெண்கள் அந்த அறைக்கு வெளியே வட்டமிட்டுக் கும்மி கொட்டினோம். எனக்குப் பாட்டும் தெரியாது, அடியும் தெரியாது. முதல் இரவு ஓரமாக நின்றேன். இரண்டாம் இரவு லாத்தாவின் மகள், வேடிக்கை பார்க்க வந்தவள், என் முதுகில் கைவைத்து வட்டத்துக்குள் தள்ளிவிட்டாள். ஒன்பதாம் நாள் வெளியே எடுத்தபோது பயிர்கள் ஒரு முழத்துக்கு வளர்ந்து, வெயிலைப் பாராததால் வெளிர்மஞ்சள் நிறத்தில், தொட்டாலே ஒடிந்துவிடும் போல நின்றன.

மேளத்தார் மாலை நான்கு மணிக்கு வேனில் வந்து இறங்கினார்கள். இரண்டு நாதஸ்வரம், இரண்டு தவில், தாளம், சுருதிப்பெட்டி. ஒலிநாடாவின் உறையில் அப்பா ஒட்டிவைத்திருந்த சிறு படத்தில் கறுத்த மீசையோடு இருந்த அண்ணனுக்கு இப்போது தலை முழுவதும் வெளுத்திருந்தது. ஏழு மணிக்குக் கோயில் முன்பிருந்த மேடையில் கச்சேரி. உண்மையைச் சொல்வதானால் அந்தக் கச்சேரி எனக்கு ஏமாற்றமாகவே இருந்தது. ஒவ்வொரு வாத்தியத்தின் முன்னும் ஒரு மைக்கை வைத்து, எதிரொலியைக் கூட்டி, தெருவெங்கும் கட்டிய குழாய் ஒலிபெருக்கிகளில் விட்டிருந்தார்கள். தவிலில் கழியால் அடிக்கும் இடப்பக்கமாகிய தொப்பியின் ஒலி சிதறியது. நாதஸ்வரம் தகரத்தில் கீறுவதுபோல் வந்தது. நாதஸ்வரத்துக்கு மைக் வைப்பதை நான் எப்போதும் ஒப்புக்கொண்டதில்லை. திறந்த வெளியில், தேருக்கு முன், ஊர் முழுவதற்கும் கேட்கவென்றே ஆன வாத்தியம் அது. இருபத்தேழு ஆண்டு காத்திருந்ததற்கு என் கைப்பேசியே மேல் என்று தோன்றிவிட, கண்ணீரை அடக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

பத்தரை மணிக்குச் சப்பரம் புறப்பட்டது. மைக் இல்லை. முளைப்பாரிப் பெண்களோடு நானும் கோயில் வாசலில் இருந்தேன். தவில்காரர் ஒருவர் தம் பையிலிருந்து ஒரு ஸ்பேனரை எடுத்துத் தவிலின் இரும்பு வளையத்தில் இருந்த நட்டுகளை ஒவ்வொன்றாக முறுக்கினார். கடற்காற்றின் ஈரத்தில் தோல் தளர்ந்துவிடுமாம். வார் பிடித்த பழைய தவிலாக இருந்தால் இந்த ஊரில் பாடுபட வேண்டியிருக்கும் என்றார். பிறகு வலக்கை விரல்களில் கூடுகளை மாட்டினார். துணிநாடாவைப் பசையில் தோய்த்துச் சுற்றி, கல்போல் இறுகவைத்த விரல் உறைகள் அவை. அருகிலிருந்து பார்த்தேன்; ஒவ்வொன்றிலும் பல நாள் வாசிப்பின் தேய்மானம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. இடக்கையில் பூவரசங் கழி. அண்ணன், நாதஸ்வரத்தின் மேற்புறத்தில் நூலில் தொங்கிய மாற்றுச் சீவாளிகளில், அதாவது வாயில் வைத்து ஊதும் நாணல் துண்டுகளில், ஒன்றைத் தேர்ந்து, உதட்டில் வைத்து நனைத்து, ஊதிப் பார்த்து, கழற்றி, இன்னொன்றைப் பொருத்தினார். மூன்றாவதில்தான் தலையசைத்தார்.

மல்லாரி தொடங்கியது. மல்லாரிக்குச் சாகித்தியம் இல்லை. கம்பீர நாட்டையின் ஐந்தே சுரங்களால், சாமி புறப்படுகிறது என்று ஊருக்கு அறிவிக்கும் வாசிப்பு. ஒரே உருப்படியை முதற் காலத்தில் மெல்ல, பிறகு இரண்டாம் காலத்தில், பிறகு மூன்றாம் காலத்தில் விரைந்து வாசிப்பார்கள். அதைக் கேட்டுத்தான் சப்பரம் தூக்குவோர் தோள் கொடுக்கிறார்கள். அவர்களுடைய காலடி அந்தக் காலப்பிரமாணத்தில் விழுவதை நான் கண்ணால் பார்த்தேன். ஒலிநாடாவில் எத்தனையோ மல்லாரி கேட்டிருக்கிறேன். அது நடப்பதற்கான இசை என்பது அன்று என் காலுக்குத்தான் முதலில் தெரிந்தது. தலையில் முளைப்பாரியோடு நானும் அந்த அடியிலேயே நடந்துகொண்டிருந்தேன்.

முச்சந்தியில் சப்பரத்தை இறக்கினார்கள். வழக்கப்படி அங்கே ராக வாசிப்பு. இருவரும் அம்மனை நோக்கித் திரும்பி நின்றார்கள். கரகரப்பிரியா வரும் என்று என் மனம் அடித்துக்கொண்டது, வரவில்லை. காம்போதி. அண்ணன் கீழிருந்து ஏறி, மேல் ஷட்ஜத்தை அடைந்து நின்றார். எனக்கும் அவருக்கும் ஆறடிகூட இராது. கன்னம் விம்மியிருந்தது, கழுத்து நரம்பு தெரிந்தது. சுரம் நின்றது, நின்றது, நின்றுகொண்டே இருந்தது. என்னையறியாமல் விநாடிகளை எண்ணத் தொடங்கிவிட்டேன். அப்போது பார்த்தேன்: தம்பி கண்ணை மூடியபடி, அதுவரை உதட்டிலிருந்து விலக்கி வைத்திருந்த தம் நாதஸ்வரத்தை எடுத்து, அந்தச் சுரத்திலேயே, ஊசி முனையளவும் பிசிறில்லாமல் வந்து சேர்ந்தார். சில விநாடி இருவர் ஒலியும் ஒன்றாக நின்றது. அண்ணன் மெல்லக் குழலை விலக்கி, தோள் தாழ, மூச்சு வாங்கினார். தம்பி பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு அண்ணன் சேர, தம்பி விலகினார்.

1 நிமிடம் 14 விநாடி ஒருவர் மூச்சு அல்ல. அப்பாவின் சிறிய டேப் ரிக்கார்டருக்கு அந்த இருவரையும் பிரித்துக் காட்டத் தெரியவில்லை. ஒருவர் மூச்சு வாங்கும்போது மற்றவர் பிடித்துக்கொள்வதும், எங்கே கைமாறியது என்று கேட்பவருக்குத் தெரியாமல் இருப்பதும் நாதஸ்வர இரட்டையருக்கு இயல்பான பழக்கமாக இருக்கலாம்; அறிந்தவர்களுக்கு இது ஒரு செய்தியே இல்லை. எனக்கு அது இருபத்தேழு ஆண்டுச் செய்தி. வியப்புக் குறையும் என்று எண்ணினால் அது கூடவே செய்தது. ஒருவருடைய நெஞ்சுரத்தை வியந்த இடத்தில், இருவருடைய காதை, ஒருவர்மேல் ஒருவருக்கு உள்ள நம்பிக்கையை வியந்துகொண்டு நின்றேன். எனக்காக ஒரு மணி நேரத்துக்கு மேல் அந்தப் பெட்டியைக் கையில் ஏந்தி நின்ற அப்பாவுக்கு இதைச் சொல்ல முடியவில்லையே என்பதுதான் குறை; அவர் இறந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன.

அங்கிருந்து சப்பரம் தெற்குக் கோடிக்குப் போய்த் திரும்பி, ஒவ்வொரு வாசலாக நின்று வந்தது. எங்கள் வாசல் வர இன்னும் நேரம் இருந்ததால் வீட்டுக்குள் போய்க் கோலம் போட்டு, தேங்காய் பழத்தட்டை எடுத்துவைத்தேன். தெற்கு ஜன்னலைத் திறந்தேன். கச்சான் காற்று மேளத்தை அப்படியே அள்ளிக்கொண்டு வந்து வீட்டுக்குள் கொட்டியது. தவிலின் ஒவ்வொரு தொப்பி அடிக்கும் அடுக்களைத் தட்டில் இருந்த எவர்சில்வர் டம்ளர்கள் மெல்ல முரன்றன. சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். சுண்ணாம்புப் பூச்சு குளிர்ந்திருந்தது. அதிர்வு கைக்கு வந்தது.

வாசலில் சப்பரம் நின்றது. மூத்தவர் நோட்டைப் பார்க்காமலே “நூத்தி நாப்பத்தெட்டு” என்று குரல் கொடுத்தார். தீபாராதனை ஆகும்வரை பெண்கள் எங்கள் வாசலிலேயே கும்மி கொட்டினோம். ஒன்பது இரவு பாடிப் பாடி எனக்கும் மனப்பாடமாகிவிட்ட பாட்டு அது. அண்ணன் வாத்தியத்தைத் தோளில் சாய்த்துக்கொண்டு, கண்ணை எங்கள் கைகளின்மேல் வைத்தபடி இரண்டு சுற்றுக் கேட்டார். மூன்றாம் சுற்றில் சீவாளியை உதட்டுக்குக் கொண்டுபோனார். எங்கள் மெட்டு அப்படியே வந்தது. முதலில் வெறும் மெட்டாக; பிறகு அதனுள் இருந்த செஞ்சுருட்டி ராகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து காட்டினார். பெண்கள் பாடுவதை நிறுத்திவிட்டார்கள். கை மட்டும் தட்டிக்கொண்டிருந்தோம். கூட்டத்தில் யாரோ ஒரு கிழவி, “நம்ம பாட்டுடீ” என்று அழுதுவிட்டார். தவில்காரர்கள் கும்மியின் அடிக்கு மேல் ஒரு சொல்லும் கூடுதலாக வாசிக்கவில்லை. அன்று இரவு நான் கேட்டவற்றில் எது உயர்ந்தது என்று கேட்டால், காம்போதியைச் சொல்லத்தான் என் காது பழக்கப்பட்டிருக்கிறது; ஆனால் நான் இதைத்தான் சொல்வேன்.

விடிவதற்குள் முளைகளைக் கடலில் கரைத்துத் திரும்பினோம். வடகடல் தூங்கிக்கொண்டிருந்தது, வெளிர்மஞ்சள் பயிர்கள் அலையில்லாத நீரில் நெடுநேரம் மிதந்து நின்றன. வீட்டுக்கு வந்தபோது எங்கள் திண்ணையில் மேளத்தார் உட்கார்ந்திருந்தார்கள். அண்ணன் வெந்நீர் கேட்டார். சுக்குத் தட்டிப் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தேன். குத்தாலம் என்று சொன்னதும், “அடடே, நம்ம பொண்ணா” என்றார். 1998ஆம் ஆண்டுத் திருமணத்தைச் சொன்னேன், அவருக்கு நினைவில்லை. கல்யாணம் எத்தனையோ வாசித்தாயிற்று என்றார். கரகரப்பிரியா ஏன் வாசிக்கவில்லை என்று கேட்க வாயெடுத்து, கேட்கவில்லை. கையிலிருந்த சீவாளியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, “இந்தக் காத்து இதுக்கு ஆவாதும்மா. நம்ம ஆத்தங்கரை நாணல். உப்புப் பட்டா ஒருநாள்ல தொவண்டுடும்” என்று அதைத் துணியில் சுற்றி டப்பிக்குள் வைத்தார்.

பிறகு தம்பிதான் தயங்கித் தயங்கிக் கேட்டார். “வீட்ல சொல்லி அனுப்பிருக்காங்கம்மா. இங்க நல்ல நெத்திலிக் கருவாடு எங்க கெடைக்கும்?”

சாலையோரக் கடைகளில் வாங்காதீர்கள் என்றேன். இப்போது கச்சான் காலம், தென்கடலில் தொழில் குறைவு. வடகடல் துறைக்குப் போங்கள், மணலில் போட்டு உலர்த்தியதை எடுக்காதீர்கள், பழைய வலை விரித்து அதன்மேல் உலர்த்தியிருப்பார்கள், அதைக் கேளுங்கள். மஞ்சள் பாரித்திருந்தால் வேண்டாம், வெள்ளியாக இருக்கவேண்டும், ஒடித்தால் சட்டென்று ஒடியவேண்டும். ஏழு மணிக்குமேல் போனால் ராமநாதபுரத்து வியாபாரிகள் அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள் என்றேன். அவர் எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டுக்கொண்டு, வழி கேட்டார். வழி சொல்லத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டு, முந்தானையைச் செருகிக்கொண்டு, நானே கூட வருகிறேன் என்று பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினேன்.